தபால்தலை ஒட்டத் தேவையில்லை

ஆவுடையப்பன் இறந்து நாற்பத்தோராம் நாள் அவர் பெயருக்கே 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கு அவர் மனைவி உலகம்மாள் பதில் எழுதிப் பெட்டியில் போட்ட நாளிலிருந்துதான் நல்லூத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கைத்தடியைக் கீழே வைத்தார்கள்.

மலையடிவாரத்தில் நூற்பாலையை நம்பி உண்டான ஊர் அது. ஆலை மூடிப் பதினெட்டு வருஷமாகிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் மஸ்கட்டுக்கும் போய்விட, ஊரில் மிஞ்சியதெல்லாம் அறுபதைத் தாண்டிய ஆட்களும், மூன்று மருந்துக்கடைகளும், எப்போது பார்த்தாலும் யாரோ ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பேருந்து நிறுத்தமும்தான். இப்படிப்பட்ட ஊர்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவன் சென்னையில் இருந்தான். பெயர் தீனதயாளன், வயது நாற்பத்தொன்று. 'நிழற்குடை முதியோர் நலச் சேவை' என்று பலகை மாட்டியிருந்தான். அவன் காப்பீடு விற்கிறவன் அல்ல. காப்பீடு என்றால் காது கொடுக்கக்கூடிய வயதானவர்கள் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தப் பெயர்களைக் காப்பீடு விற்கிறவர்களுக்கு விற்கிறவன். கண்டுபிடிப்பதற்கு அவன் வைத்திருந்த ஒரே வலை கடிதம்.

அந்தக் கடிதத்தை அவன் நன்றாகவே எழுதியிருந்தான். கோடு போட்ட தாளில், நீல மையில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், ஒரு வார்த்தையை எழுதி அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு வார்த்தை போட்டது போலவே அச்சடித்திருந்தான். 'அன்புள்ள அப்பாவுக்கு, அங்கே மழை எப்படி? மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்களிடம் கேட்க யாரும் இல்லை என்று நினைக்க வேண்டாம்' என்று தொடங்கி, 'உங்கள் மகன் போன்ற தீனதயாளன்' என்று முடியும். கூடவே மஞ்சள் அட்டை ஒன்று இருக்கும். பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், அதற்குக் கீழே சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, இதயம், மூச்சு, கண், காது என்று வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். இருப்பதை டிக் செய்து அனுப்பினால் இலவசப் பரிசு. தபால்தலை ஒட்டத் தேவையில்லை.

ஆவுடையப்பனுக்கும் உலகம்மாளுக்கும் பிள்ளை இல்லை. அறுபத்தொன்பது வயதுவரை அவரை யாரும் அப்பா என்று கூப்பிட்டது கிடையாது. முதல் கடிதம் வந்த அன்று அதை அவர் மனைவிக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். உலகம்மாள் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் காதில் குழாயை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள்; எதிர்முனையில் பேசுகிறவன் சிரிக்கிறானா, சிரிப்பதுபோல் பேசுகிறானா என்பது அவளுக்கு ஒரு மூச்சிலேயே தெரிந்துவிடும்.

"இது அச்சடிச்சது. ஆயிரம் பேருக்கு இதே கடுதாசி போயிருக்கும்" என்றாள்.

"போயிருக்கட்டுமே. எனக்கும் வந்திருக்கு பாரு" என்றார் அவர்.

ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் ஒளிக்காமல் டிக் செய்து அனுப்பினார். பதினைந்தாம் நாள் டை கட்டிய முகவர் ஒருவர் வந்தார். அட்டையில் எழுதியது இருக்கட்டும், விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுதினால் பாலிசி வரத் தாமதமாகும் என்று சொல்லி, எல்லா இடத்திலும் 'இல்லை' என்று அவரே குறித்துக்கொண்டு கையெழுத்து மட்டும் வாங்கிப் போனார். ஐப்பசியில் ஆவுடையப்பனுக்கு நெஞ்சு வலித்தது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடனே அறுக்க வேண்டும், ஆனால் காப்பீட்டிலிருந்து அனுமதி வர வேண்டும் என்று மூன்று நாள் காத்திருக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், முன்பே இருந்த நோயை மறைத்ததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று தாள் வந்தது. அவர் மறைக்கவில்லை, மஞ்சள் அட்டையில் எழுதி அனுப்பினார் என்று உலகம்மாள் போனில் சொன்னாள். அந்த அட்டை எங்களுடையது இல்லை அம்மா, அது வேறு கம்பெனி என்றார்கள். அவள் வளையலைக் கழற்றிக் கொடுத்து மறுநாள் காலைக்கு ஏற்பாடு செய்தாள். மறுநாள் காலை அவர் இல்லை.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. நிராகரித்த தாளில் கையெழுத்துப் போட்ட ஆள் யார் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து இல்லை, முத்திரைதான் இருந்தது. முகவருடைய எண் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. இத்தனையிலும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவன் ஒருவன்தான். உங்கள் மகன் போன்ற தீனதயாளன்.

ஆகவே நாற்பத்தோராம் நாள் அதே சாய்ந்த கையெழுத்தில் 'மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா அப்பா' என்று கேட்டு வந்தபோது, அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அட்டையை எடுத்து, செத்தவர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினாள். ஒன்பது வருஷமாக அவளுக்கு வலது மூட்டு வலி. அந்தக் கட்டத்தில் பேனா அட்டையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வரும்வரை அழுத்தி டிக் போட்டாள். அடியில் 'வேறு விவரம்' என்று விட்டிருந்த கோட்டில், 'இந்தா, நீயே வச்சுக்கோ' என்று எழுதினாள். நொண்டி நொண்டிப் போய்ப் பேருந்து நிறுத்தத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். மூன்று மணிக்குத் தபால்காரம்மா ஜெபகனி வந்து பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் வாரிப்போட்ட நேரத்தில், வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த உலகம்மாளின் மூட்டிலிருந்து வலி, தன் ஊர் வந்ததும் பேருந்திலிருந்து இறங்கிப் போகிற ஆளைப்போல இறங்கிப் போனது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொண்டுபோக ஆள் கிடைத்தது, போய்விட்டது என்று நினைத்தாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கோமதி, உலகம்மாள் மதினி தடியில்லாமல் தண்ணீர்க் குடம் தூக்குவதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். உலகம்மாள் இருந்ததை இருந்தபடி சொன்னாள். கோமதியின் வீட்டு அலமாரியிலும் அதே கடிதம் இரண்டு கிடந்தது. அவள் சர்க்கரையை டிக் செய்து, உலகம்மாள் சொன்ன வாசகத்தையும் எழுதிப் போட்டாள். மறுநாள் வெறும் வயிற்றில் சோதித்தாள், தொண்ணூறு. மூன்றாம் நாள் கோமதி வீட்டில் பாயசம்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க எழுதியது. ஒருவர் பதில் போட்டால், இவர் மசிகிறவர் என்று, சென்னையில் கடிதம் அச்சடிக்கும் இயந்திரம் அவருக்கு இன்னும் நான்கு கடிதம் அனுப்பும்படி தீனதயாளன் செய்திருந்தான். ஆகவே அட்டைக்குப் பஞ்சமில்லை, எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. கண்புரை போனது, காது இரைச்சல் போனது, ஆலையின் கொதிகலனில் நாற்பது வருஷம் கரி தள்ளிய மைதீன் பிச்சையின் இருமல் போனது, எந்த வைத்தியத்துக்கும் அடங்காத வாய்வு போனது. தேநீர்க்கடையில் சர்க்கரை போடாத தேநீருக்கென்று தனியாக வைத்திருந்த கண்ணாடிக் குவளைகளைக் கவிழ்த்து வைத்தார்கள். இடுப்புப் பட்டைகளையும் கழுத்துப் பட்டைகளையும் சுடலைமாடன் கோயில் வேப்பமரத்தில் கட்டினார்கள். காற்றடிக்கும்போது அவை தொங்கி ஆடுவது தூரத்தில் இருந்து பார்த்தால் வௌவால்களைப்போல இருக்கும். மூன்று மருந்துக்கடைக்காரர்களும் கூடிப் பேசினார்கள்; இரண்டு பேர் கடையை மூடிவிட, மூன்றாமவர் தன் தூக்கமின்மையை எழுதிப் போட்டுவிட்டுப் பகலெல்லாம் கல்லாவில் தூங்கினார். நம் நோயை இன்னொருவனுக்கு அனுப்புவது பாவமில்லையா என்று கோயில் பூசாரி கேட்டதற்கு, அவன்தானே கேட்டு எழுதியிருக்கிறான், கேட்டவனுக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் பாவம் என்று ஊர் சொன்னது. பூசாரி இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தன் மூலத்தை அனுப்பினார்.

ஜெபகனிக்குத்தான் சிரமம். சர்க்கரை நோய் கனமில்லை, எறும்பு மட்டும் மொய்க்கும். ஆஸ்துமா பைக்குள் விசில் அடித்துக்கொண்டே வரும். மூட்டு வலி ஒவ்வொன்றும் ஒரு படிக்கல் எடை. அவள் அஞ்சலக அதிகாரியிடம் முறையிட்டாள். அவர் விதிப்புத்தகத்தை ஒரு வாரம் படித்துவிட்டு, வெடிபொருள், பாம்பு, அழுகும் பொருள் ஆகியவற்றை அனுப்பத் தடை உண்டு, நோயை அனுப்பத் தடை இல்லை என்றார். பஞ்சாயத்தில் அவளுக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் சிரிக்கவில்லை. அந்த வலியெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் அவன் எப்படித் துடிக்கிறான் என்று அவளுக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், காதால் கேட்டால் போதும். மாசி மாதம் ஒரு காலையில் கடிதத்தின் தலைப்பிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். தீனதயாளனிடம் பேச வேண்டும் என்று உலகம்மாள் சொன்னாள்.

"கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா. ரெண்டு மாசமா எனக்குக் காது சரியா கேக்கல" என்றது அந்தக் குரல்.

உலகம்மாள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அந்தக் குரலுக்குப் பின்னால் மைதீன் பிச்சையின் இருமல் இருந்தது. நாற்பது வருஷம் தெருவில் கேட்ட இருமல் அவளுக்குத் தெரியாமல் போகுமா? அவள் பழைய தொலைபேசி நிலையத்துக் குரலில், அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அந்தப் பெண்ணின் பெயர் தமயந்தி. வயது இருபத்தைந்து. வருகிற அட்டைகளைப் பிரித்து, படித்து, கணினியில் ஏற்றுவது அவள் வேலை. முதலில் வலது மூட்டு பிடித்துக்கொண்டதாம். அப்புறம் சர்க்கரை, கண் மங்கல், மூச்சிரைப்பு. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. முதலாளிக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார், அவர் அட்டையைக் கையால் தொடுவதே கிடையாது, பட்டியல் மட்டும்தான் அவர் திரைக்குப் போகும். நல்லூத்தில் இருந்து பதில் கொட்டுகிறது என்று ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார்.

போனை வைத்த பிறகு அன்று முழுக்க உலகம்மாள் சோறு பொங்கவில்லை. மறுநாள் காலை ஆலைத் தொழிற்சங்கக் கட்டடத்தில் ஊரைக் கூட்டி, தன் ஒருத்தியால் வந்த வினை இது என்று சொல்லி, தமயந்தி பேசியதை எல்லாம் அதே குரலில் திருப்பிச் சொன்னாள். திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. புதிதாகப் படியேறப் பழகிய கால்களை எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜெபகனிதான், தபாலில் எதுவும் முதலில் கையில் வாங்குகிறவரைத்தான் சேரும், வாங்கியவர் அதையே கட்டி வேறு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் அங்கே கையெழுத்துப் போட்டு வாங்குகிறவரைச் சேரும் என்று சொன்னாள்.

"அவன் வாங்குவானா?" என்றார் மைதீன் பிச்சை.

"வாங்க வைக்கேன் அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள்.

அவள் தமயந்தியிடம் நான்கு நாள் பேசினாள். முதல் நாள் மன்னிப்புக் கேட்டாள். இரண்டாம் நாள் விஷயத்தை விளக்கினாள். மூன்றாம் நாள் தமயந்தி அழுதாள். நான்காம் நாள் தமயந்தி, நல்லூத்திலிருந்து வந்த நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் ஒரு பெட்டியில் வைத்து, மேலே பட்டுத்துணி சுற்றி, தீனதயாளனின் வீட்டு விலாசம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அது போய்ச் சேரும் நாளன்று காலை எட்டு மணிக்கு, தமயந்தி கொடுத்த எண்ணில் உலகம்மாள் அவனையே அழைத்தாள். குரலைத் தழைத்துக்கொண்டு, நல்லூத்தில் இருந்து உங்க அம்மா மாதிரி ஒருத்தி பேசுதேன் தம்பி, எங்க எல்லாருக்கும் மகன் மாதிரி கடுதாசி போட்ட பிள்ளைக்கு ஊர் கூடி ஒரு பரிசு அனுப்பியிருக்கோம், நீங்களே உங்க கையால வாங்கணும், வேற யார் வாங்கினாலும் எங்களுக்கு மனசு ஆறாது என்று சொன்னாள். கண்டிப்பா வாங்கிக்கிறேன்மா என்றான். அவன் சிரிக்கவில்லை, சிரிப்பதுபோல் பேசினான். அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அதோடு போனது.

பதினொரு மணிக்கு அவன் கையெழுத்துப் போட்டான். அதே நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தமயந்தி எழுந்து நின்றாள். மின்விசிறி கிறீச்சிடுவது அவளுக்குக் கேட்டது. தன் கைப்பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி வெயிலில் நடந்து போனாள்.

தீனதயாளன் சித்திரை பிறந்து பத்தாம் நாள் நல்லூத்துக்கு வந்தான். வாடகைக் காரில் படுக்க வைத்துக் கூட்டிவந்தார்கள். டிரைவர் இறக்கிச் சங்கக் கட்டடத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அறுபதும் எழுபதும் எண்பதுமான நல்லூத்துக்காரர்கள் நிமிர்ந்த முதுகோடு சுற்றி நிற்க, அவர்களுக்கு நடுவில் நாற்பத்தொரு வயதுக்காரன் கூனிக் குறுகி, இரண்டு கையும் நடுங்க, மைதீன் பிச்சையின் இருமலை இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தப் பெட்டி இருந்தது. அதைக் குப்பையில் போட்டுப் பார்த்தானாம், போகவில்லை. நெருப்பில் இட்டும் பார்த்திருக்கிறான், அட்டை எரியவில்லை, விரல்தான் சுட்டது. கொடுத்தவர் கையே திரும்ப வாங்க வேண்டும்போலிருக்கிறது என்று அவனுக்கே புரிந்து வந்திருந்தான். அவரவர் அட்டையை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கும்பிட்டான். ஒரு கையும் நீளவில்லை; உன் கடிதத்தால்தான் உலகம்மாள் புருஷன் செத்தார் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"அம்மா, நான் யாரையும் கொல்லல. பாலிசி கொடுத்தது அவங்க, மறுத்தது அவங்க. நான் லெட்டர் மட்டும்தான் எழுதினேன்" என்று அவன் உலகம்மாளைப் பார்த்துச் சொன்னான். எல்லாருடைய முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்ததால் அவள்தான் என்று கண்டுகொண்டான்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் உலகம்மாள். "முகவர் வந்து தட்டியிருந்தா எங்க வீட்டுக்காரவுக கதவத் திறந்திருக்க மாட்டாக. நீ அப்பான்னு கூப்பிட்ட. அதுக்குத்தான் திறந்தாக."

அவன் அழுதான். யாருடைய கண்புரையோ அவன் கண்ணில் இருந்ததால் அவள் முகம் அவனுக்குப் புகையாகத்தான் தெரிந்திருக்கும். இதுவரை எத்தனை பேருக்குக் கடிதம் போட்டாய் என்று அவள் கேட்டாள். பட்டியல் இருக்கிறது, ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது பேர் என்றான். அத்தனை பேருக்கும் மறுபடி எழுது என்றாள் அவள். அச்சடிக்கக் கூடாது, ஒவ்வொன்றும் கையால் எழுத வேண்டும். நான் இன்னான், உங்கள் பெயரை விற்றுப் பிழைத்தவன், உங்கள் மகன் அல்ல, விண்ணப்பத்தில் நோயை மறைக்கச் சொல்கிறவன் சொல்லைக் கேளாதீர்கள் என்று எழுத வேண்டும். தபால்தலையும் நீயே வாங்கி நீயே ஒட்ட வேண்டும். எழுதி முடி, அப்புறம் யார் அட்டையை யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கலாம் என்றாள்.

அப்படித்தான் அவன் நல்லூத்தில் தங்கினான். சங்கக் கட்டடத்துப் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை. காலை எட்டு மணிக்கு உலகம்மாள் வந்து எதிரே உட்காருவாள். ஒருநாளைக்கு இருபத்தைந்து கடிதம். ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்து, சரியில்லாததைக் கிழித்து, சரியானதை மடித்து உறையில் போட்டுக் கொடுப்பாள். கை நடுங்கிக் கோடு கோணலாகப் போனால் கிழிக்க மாட்டாள். நயமாக ஒரு வரி எழுதினால் கிழிப்பாள். தண்ணீர் கேட்டால் கொடுப்பாள், சோறு நேரத்துக்குக் கோமதி வீட்டிலிருந்து வரும். வலிக்கிறது என்று சொன்னால் மட்டும், எங்கே என்று கேட்டு, அவன் சொன்ன இடத்தைக் கேட்டுக்கொண்டு, "அது மேலத்தெரு பொன்னையா இடுப்பு" என்பதுபோல அடையாளம் சொல்லிவிட்டு, எழுது என்பாள்.

ஆடியில் ஒருநாள் அவன் பேனா நின்றது. பட்டியலில் விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்று, கஸ்தூரி என்ற பெயர், வயது எழுபத்திரண்டு. அது அவனுடைய தாய். ஆறு வருஷமாக அவன் ஊர்ப்பக்கம் போகவில்லை. அச்சடித்த கடிதம் அவன் அறியாமலே வயதும் விலாசமும் பார்த்து அவளுக்கும் போயிருந்தது. அவள் பதில் அட்டை போட்டிருந்தாள். தமயந்தி அதையும் மற்ற அட்டைகளைப்போலவே பிரித்து ஏற்றியிருந்தாள்: கண் பார்வை, டிக். வேறு விவரம் என்ற பத்தியில் மூன்று வார்த்தை: 'நீதானா தயாளா எழுதினது?'

அவன் அந்த வரியைக் காட்டினான். உலகம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அவள் விரல் ஒரு கணம் மேஜை விளிம்பைப் பிடித்ததை, தபால் எடுக்க வந்து வாசலில் நின்ற ஜெபகனி பார்த்தாள். பிறகு உலகம்மாள் அந்தத் தாளை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எழுது" என்றாள். "அவளுக்கும் அதேதான். நான் இன்னான், உங்க பேர வித்தவன்னு எழுது."

அவன் எழுதினான். அன்றைக்கு இருபத்தைந்தும் முடிய இருட்டிவிட்டது.

இதற்குள் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நோய் போனதிலிருந்து நல்லூத்துக்குப் போன் வருவது குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மஸ்கட்டில் இருந்து, சர்க்கரை எவ்வளவு, கால் வீக்கம் எப்படி என்று கேட்ட பிள்ளைகள், ஒன்றுமில்லை நன்றாக இருக்கிறோம் என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, சரி அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை கூப்பிட்டார்கள். பிறகு பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள். நோய் இல்லாதபோது பிள்ளைகளோடு பேச வேறு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மைதீன் பிச்சைதான் முதலில் வந்தார். தங்கச்சி தப்பாக நினைக்கக் கூடாது, அவன் மேல் இரக்கப்பட்டு இல்லை, இருமினால்தான் என் மகன் போனை வைக்காமல் பேசுகிறான் என்று சொல்லிவிட்டு, தன் அட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருமியபடியே போனார். அடுத்த வாரம் கோமதி சர்க்கரையை வாங்கிப் போனாள். ஒருவர் பாதிக் காதை மட்டும் கேட்டார், அட்டையைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தார்கள். வேப்பமரத்துப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மூடிய மருந்துக்கடையில் ஒன்று திறந்தது. உலகம்மாள் யாரையும் தடுக்கவில்லை. அவரவர் நோய், அவரவர் இஷ்டம். அவள் எதிரே உட்கார்ந்து உறையில் மடித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சித்திரை முடிகிறபோது ஒன்பதாயிரத்து நூற்று நாற்பதாவது கடிதம் எழுதி முடிந்தது. எத்தனையோ ஊர்களில் இருந்து பதில்கள் வந்திருந்தன. சில திட்டு, சில நன்றி, ஒன்றில் பத்து ரூபாய்த் தாள் ஒன்றை மடித்து, மருந்துக்கு வைத்துக்கொள் தம்பி என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வாங்கிப் போனது போக அவன் பெட்டியில் ஒரே ஒரு அட்டை மிச்சமிருந்தது. மூட்டு வலி என்ற கட்டத்தில் பேனா குத்திக் கிழிந்த அட்டை. அதை அவன் இரண்டு கையாலும் ஏந்தி உலகம்மாள் முன்னால் நீட்டினான். அவனுக்கு இப்போது அந்த ஒரு வலியைத் தவிர வேறெதுவும் இல்லை. கண் தெளிந்திருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது.

"எழுதச் சொன்னதெல்லாம் எழுதிட்டேன்மா."

"எழுதின. நான் இல்லன்னு சொல்லல. அது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

அவன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்துப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனான். விழுப்புரம் போக எங்கே மாற வேண்டும் என்று யாரிடமோ விசாரித்தான். ஏறுவதற்கு முன்னால் உறை ஒன்றைச் சிவப்புப் பெட்டியில் போட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் பத்தரை மணிக்கு ஜெபகனி அந்த உறையைக் கொண்டுவந்தாள். உலகம்மாள் வாசலில் கீரைக்காரியிடம் தண்டங்கீரை ஆய்ந்து வாங்கிக்கொண்டிருந்தாள். உறையின் மேல் அவள் பெயர் இருந்தது. சாய்வில்லாத, கோணலான, ஒரு வருஷமாக அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பழகிய உண்மையான கையெழுத்து. கனமாக இருந்தது, ஐந்தாறு பக்கமாவது இருக்கும்.

அவள் கீரையைக் கீழே வைக்கவில்லை, கையை நீட்டவும் இல்லை. வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எழுதித் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றாள் ஜெபகனி. சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "என்னதான் எழுதியிருக்கான்னு ஒரு தரம் படிச்சிட்டு, வேணாம்னா கிழிச்சுப் போட்ருங்களேன், அக்கா."

"அவன் நல்லா எழுதுவான், ஜெபகனி" என்றாள் உலகம்மாள். "படிச்சா எனக்கு மனசு எளகிரும்."

ஜெபகனி சிவப்புப் பேனாவை எடுத்து, உறையைத் தன் வண்டியின் மேல் வைத்து, 'பெற மறுத்தார்' என்று எழுதினாள். கையெழுத்து அவசியமில்லை அக்கா, நான் எழுதினால் போதும் என்றாள். இருக்கட்டும் கொடு என்று பேனாவை வாங்கி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதற்குக் கீழே நிதானமாக, ஓர் எழுத்தும் நடுங்காமல், உலகம்மாள் ஆவுடையப்பன் என்று முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.